சுடாத துப்பாக்கியும் நம்பத்தகுந்த வட்டாரங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் போர்க்களத்துப் பெண்கள் பற்றி இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். படம் எல்லாம் நன்றாக இருந்தது. அதில் அமெரிக்கச் சிப்பாய் ஜெசிகா லிஞ்ச் பற்றி ஒரு பத்தி. 2003 ஈராக் போரில் எதிரிகள் சூழ்ந்தபோது கடைசி ரவை தீரும் வரை சுட்டாராம், குண்டடியும் கத்திக்குத்தும் பட்டுப் பிடிபட்டாராம், பிறகு கமாண்டோக்கள் பெரிய சண்டை போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அவரை மீட்டார்களாம். படித்ததும் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். இந்தக் கதை பொய் என்று அந்தப் பெண்ணே சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னும் நம் ஊர்ப் பேப்பரில் அவர் சுட்டுக்கொண்டே இருக்கிறார்!

நான் பேரையூர் பக்கம். ராணுவத்தில் 17 வருஷம் லாரி ஓட்டினேன், ஆர்மி சர்வீஸ் கோர். சண்டை போடுகிறவர்களுக்கு அரிசி, பருப்பு, டீசல் கொண்டுபோகிற கூட்டம் நாங்கள். எங்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை, அதனால்தானோ என்னவோ இந்த விஷயம் எனக்கு இவ்வளவு உறைக்கிறது, ஏனென்றால் லிஞ்சும் எங்கள் மாதிரி ஆள்தான்.

அவர் இருந்தது 507-வது பராமரிப்புக் கம்பெனி. பேட்ரியாட் ஏவுகணைப் பிரிவுக்கு வண்டி, கருவி பழுது பார்க்கிற கூட்டம். மெக்கானிக், சமையல், ஸ்டோர் என்றுதான் ஆட்கள். இவர் ஸ்டோர் கிளார்க், வயது 19. 600 வண்டிகள் போன ஒரு பெரிய கான்வாயின் வாலில் இவர்கள் போனார்கள், பாரவண்டிகள் மணலில் மாட்டி மாட்டிப் பின்தங்கி, கடைசியில் 33 பேரும் 18 வண்டியுமாகத் தனியாக விடப்பட்டார்கள். மார்ச் 23 காலையில் வழி தவறி நசிரியா நகரத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். தப்பு தெரிந்து திரும்பப் பார்த்தபோதுதான் ஈராக்கியர்கள் சுடத் தொடங்கினார்கள். மதுரை கீழவாசல் சந்திப்பில் டிரெய்லர் லாரியைத் திருப்பச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் தூக்கமில்லாத டிரைவர், ரெண்டு பக்கமும் மாடியிலிருந்து தோட்டா. 11 பேர் இறந்துபோனார்கள். லிஞ்ச் இருந்த ஹம்வி வண்டி ராக்கெட் குண்டு பட்டு முன்னால் நின்ற லாரியில் போய் மோதியது. அவருக்கு உடைந்த எலும்பெல்லாம் அந்த மோதலில் உடைந்தவை: கை, தொடை, கால், முதுகெலும்பு. கையிலிருந்த துப்பாக்கி ஜாம் ஆகிவிட்டது, ஒரு ரவைகூடச் சுடவில்லை. இதைச் சொன்னதும் அவர்தான்.

துப்பாக்கி ஜாம் ஆவது பற்றி ஒரு வார்த்தை. ராஜஸ்தானில் இருந்தபோது காலையில் புல்த்ரூ (குழலுக்குள் விட்டு இழுக்கிற துடைப்புக் கயிறு) போட்டுத் துடைத்து எண்ணெய் விட்ட ரைபிளை மத்தியானம் திறந்தால் மாவு அரைத்த மாதிரி மணல் இருக்கும். எண்ணெய் கூடினால் மணல் ஒட்டும், குறைந்தால் உள்ளே சிக்கும். லாரிக்காரன் ரைபிள் பெரும்பாலும் சீட்டுக்குப் பக்கத்தில் புழுதியில்தான் கிடக்கும். 507-வது கம்பெனியில் பல பேருடைய ஆயுதங்கள் வேலை செய்யாமல் போயின என்று அமெரிக்க ராணுவத்தின் சொந்த அறிக்கையே பின்னால் சொன்னது. கடைசி ரவை வரை சுட்டார் என்று படித்த அன்றே எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கதை எப்படிக் கிளம்பியது என்று பாருங்கள். ஏப்ரல் 1 ராத்திரி நசிரியா ஆஸ்பத்திரியிலிருந்து அவரைத் தூக்கிவந்தார்கள். கத்தாரில் இருந்த ராணுவத் தலைமையகம், இருட்டில் படம் பிடிக்கிற கேமராவில் எடுத்த பச்சை நிற வீடியோவை நிருபர்களுக்குப் போட்டுக் காட்டியது. ஸ்ட்ரெச்சரில் அந்தப் பெண், மேலே ஒரு கொடி. ஏப்ரல் 3-ஆம் தேதி வாஷிங்டன் போஸ்ட் முதல் பக்கத்தில்தான் இந்தக் கடைசி ரவை, கத்திக்குத்து எல்லாம் வந்தது. சொன்னது யார்? பெயர் சொல்லாத அதிகாரிகள். நம் பேப்பர்களில் ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள்’ என்று போடுவீர்களே, அதே வட்டாரம்தான். அந்த வட்டாரத்துக்கு முகம் கிடையாது, ஊர் கிடையாது, பொய்யாகப் போனால் போய்க் கேட்க ஒரு வாசல்கூடக் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், என்ன நடந்தது என்பது இன்னும் முழுசாகத் தெளிவாகவில்லை என்று அந்தச் செய்திக்குள்ளேயே ஒரு வரி இருந்தது. மதுரை வந்து சேர்வதற்குள் அந்த வரி எங்கேயோ உதிர்ந்துவிட்டது. அதே வாரம், டாக்டர்கள் குண்டடி எதையும் பார்க்கவில்லை என்று அவருடைய அப்பா சொன்னார். ஜெர்மனியில் அவருக்கு வைத்தியம் பார்த்த ராணுவ ஆஸ்பத்திரியின் தலைவரும் குண்டுக் காயமோ கத்திக் காயமோ இருந்ததற்கு அடையாளம் இல்லை என்றார். அதையும் போட்டிருப்பார்கள், ஏதாவது ஒரு மூலையில்.

அப்போது சித்திரைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த நாட்கள். எங்கள் டீக்கடையில் அழகரைவிட லிஞ்ச் பேச்சுதான் அதிகம். அவருடைய சொந்த ஊருக்கு பாலஸ்தீன் என்று பெயர், அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது. அதைப் பேப்பரில் பார்த்துவிட்டு, இந்தப் பெண் பாலஸ்தீனத்துக்காரி, சதாம் ஆட்கள் எப்படிப் பிடிப்பார்கள் என்று ஒருத்தர் ஒரு வாரம் வாதாடினார். யாராலும் அவரை அசைக்க முடியவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். 1987 ஜனவரி, பிராஸ்டாக்ஸ் என்று ராஜஸ்தான் பக்கம் மிகப் பெரிய போர்ப் பயிற்சி நடந்தது, பாகிஸ்தானோடு சண்டையே வந்துவிடும் என்று நாடே பயந்த சமயம். ராத்திரி லைட் போடாமல் ஓட்டவேண்டும் என்று உத்தரவு. நான் ஓட்டிய சக்திமான் லாரி ஒரு மணல்மேட்டில் ஏறி இந்தப் பக்கம் கவிழ்ந்தது. வலது கால் முறிந்தது. எதிரியும் இல்லை, ஒரு தோட்டாவும் இல்லை. லாரியில் இருந்தது உருளைக்கிழங்கு மூட்டை. யூனிட்டிலிருந்து வீட்டுக்குத் தந்தி போயிருக்கிறது, இங்கிலீஷில், பயிற்சியின்போது காயம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று. எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பு படித்தவர் ஒருத்தர்தான் தந்தி படிக்கிற ஆள். காயம் என்கிற வார்த்தை அவருக்குத் தெரியும், எக்சர்சைஸ் என்கிற வார்த்தை தெரியாது. ராணுவத்தில் காயம் என்றால் சண்டைதானே என்று அவரே முடிவு செய்து, எல்லையில் சண்டை, உன் மகனுக்கு அடி என்று என் அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டார். அம்மா அழுதுகொண்டே கிணற்றடியில் சொல்ல, அங்கிருந்து அது நடந்து நடந்து, நான் ஏப்ரலில் கட்டையோடு பஸ்ஸைவிட்டு இறங்கியபோது நாலு பாகிஸ்தான்காரனைச் சுட்டவனாக இறங்கினேன். மாலை போட்டார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார்.

நான் மறுக்கவில்லை ஐயா. முதலில் வெட்கமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது, அப்புறம் பிடித்துப்போனது. அந்த வருஷம் எனக்குப் பெண் கொடுத்தவர்களுக்கும் இந்தக் கதை தெரியும். கல்யாணம் முடிந்து ரெண்டு வருஷம் கழித்து ஒரு ராத்திரி என் வீட்டம்மாவிடம் மட்டும் உருளைக்கிழங்கு மூட்டையைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. ஊருக்கு இன்றுவரை நான் சுட்டவன்தான், இந்தக் கடிதத்தை நீங்கள் போட்டால் அதுவும் போச்சு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 19 வயதுப் பெண், நாடே தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது, டிவி, சினிமா, பணம் எல்லாம் வாசலில் நிற்கிறது, அந்த நேரத்தில் நான் சுடவில்லை என்று சொல்வதற்கு என்ன தெம்பு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதே வருஷம் நவம்பரிலேயே டிவி பேட்டியில் சொன்னார். 2007 ஏப்ரல் 24 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் சத்தியம் செய்து சொன்னார். என்னை ஏன் பொய் சொல்லிப் பெரிய ஆளாக்கினார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை, அன்றைக்கு என் கூட இருந்தவர்களின் வீரம்தான் நிஜம் என்று சொன்னார். அதே நாள் அதே அறையில் பாட் டில்மேன் குடும்பமும் உட்கார்ந்திருந்தது. டில்மேன் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்தவர், 2004-இல் ஆப்கானிஸ்தானில் சொந்த ஆட்களின் குண்டிலேயே செத்தார், எதிரி குண்டில் செத்தார் என்று அந்தக் குடும்பத்துக்கே முதலில் பொய் சொன்னார்கள்.

தந்தி விஷயம் லிஞ்ச் கதையிலும் உண்டு. நசிரியாவில் ஒரு அமெரிக்கச் சிப்பாய் கடைசி வரை நின்று சுட்டதாக ஈராக்கியர்கள் ரேடியோவில் பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்டு, மொழிபெயர்ப்பில் ஆள் மாறிவிட்டது என்பது பின்னால் வந்த விளக்கங்களில் ஒன்று. அந்த ஆள் டொனால்ட் வால்டர்ஸ் என்ற சார்ஜன்ட்டாக இருக்கலாம் என்றார்கள், அவருக்கும் லிஞ்ச் மாதிரி பொன்னிற முடி. அவர் உயிரோடு வரவில்லை, செத்த பிறகு சில்வர் ஸ்டார் பதக்கம் கொடுத்தார்கள். எங்கள் எட்டாம் வகுப்பு ஆளை நான் இப்போது குறை சொல்வதில்லை.

இதுவரை எழுதியது உங்கள் பத்திக்குப் பதில். இனி என் தப்பு. 2003 மே மாதம் பிபிசி ஒரு நிகழ்ச்சி போட்டது. ஆஸ்பத்திரி டாக்டர்கள் பேசினார்கள், ஈராக் ராணுவம் முந்தின நாளே போய்விட்டது, எதிர்க்க யாருமே இல்லை, சினிமா மாதிரி கத்திக்கொண்டு கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள், வெற்றுத் தோட்டா சுட்டார்கள் என்று. வெற்றுத் தோட்டா என்பதை அமெரிக்க ராணுவம் அடியோடு மறுத்தது, வெட்டாத முழு வீடியோவை மட்டும் கொடுக்கவில்லை. அது தமிழ்ப் பேப்பர்களில் வந்ததும் எங்கள் கடை ஒரே நாளில் கட்சி மாறியது. எல்லாம் நாடகம், அந்தப் பெண்ணும் நடிகை, எலும்பும் உடையவில்லை, ஆஸ்பத்திரியே செட்டு. இதை அங்கே அதிகம் பேசியவன் நான்தான். மிலிட்டரிக்காரர் சொல்கிறார் என்று ஆட்கள் கேட்டார்கள். பல வருஷம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் அக்கா மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, பொங்கலுக்கு வந்திருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. போனில் தேடித் தேடிப் படித்துவிட்டு, “மாமா, அந்த டாக்டருங்க நாங்க நல்லா வைத்தியம் பார்த்தோம்னுதான சொல்றாங்க, அப்ப கால் உடைஞ்சது நிஜம்தான?” என்றான். எனக்கு வாய் அடைத்துப்போனது. நான் மேற்கோள் காட்டிய சாட்சியே என் பக்கம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே சிறப்புக் கட்டிலை அந்தப் பெண்ணுக்குத்தான் கொடுத்தோம், சமாதானப்படுத்தினோம், ஒரு தடவை ஆம்புலன்ஸில் ஏற்றி அமெரிக்கர்களிடமே கொண்டுபோய் விடப் பார்த்தோம், அவர்கள் சுட்டதால் திரும்பிவிட்டோம் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். லிஞ்சும் 2007-இல் அதைத்தான் சொன்னார், ஈராக் நர்சுகள் தன்னை ஆற்றுப்படுத்தினார்கள், தன்னைத் திருப்பி அனுப்பவும் ஒரு தடவை முயன்றார்கள் என்று. தன்னைத் தூக்கிவந்த சிப்பாய்களுக்கும் அவர் நன்றி சொன்னார். நாடகம் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. டாக்டரும் நோயாளியும் ஒரே மாதிரி சொல்கிறார்கள், நடுவில் இருந்த ரெண்டு கூட்டம்தான் வேற வேற மாதிரி சொன்னது.

ஒரு லாரிக்காரனாகவே சொல்கிறேன், எதிரி ஊரில் ராத்திரி ஒரு கட்டடத்துக்குள் போகிறவன் உள்ளே யாரும் இல்லை என்று சொன்னதை நம்பிக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க மாட்டான். முந்தின நாள் வரை எதிரி இருந்த இடம். சத்தம் போட்டு, ஆள் பலம் காட்டித்தான் போவான். அது நடிப்பு இல்லை. அந்தப் பச்சை வீடியோவை எந்த இடத்தில் வெட்டினார்கள், யார் வெட்டினார்கள், ஏன் அவ்வளவு அவசரமாகக் காட்டினார்கள் என்பது வேற கேள்வி, அதைக் கேட்க வேண்டும்தான். நான் ரெண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டேன்.

கட்டுவதில் நம் ஊர் ஆட்கள் கெட்டிக்காரர்கள் ஐயா. தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரைத் திருமலை நாயக்கர் காலத்தில் மதுரைக்குக் கொண்டுவந்து மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டாக வந்து கோபித்துக்கொண்டு திரும்பினார் என்று எவ்வளவு அழகாக ஒரு கதை பொருந்திக்கொண்டது. மண்டூக முனிவருக்கு சாபவிமோசனம் கொடுக்க வருகிறார் என்று கோயில்காரர்கள் சொல்வார்கள், யார் கேட்கிறார்கள். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை, நானும் வருஷாவருஷம் கேட்டுக் கண் கலங்குகிறேன். செய்தியில் அப்படிக் கட்டினால் நஷ்டப்படுகிற ஆள் இருக்கிறார்.

ஷோஷானா ஜான்சன் என்று உங்கள் கட்டுரையில் ஒரு பெயர் உண்டா? தேடிப் பார்த்தேன், இல்லை. அதே 507-வது கம்பெனி, சமையல்காரர், பனாமாவில் பிறந்த கறுப்பினப் பெண். அதே நாள் பிடிபட்டார். ரெண்டு கணுக்காலிலும் குண்டு. சுடப்பட்டதாக எழுதப்பட்டவர் ஒருத்தர், நிஜமாகச் சுடப்பட்டவர் இவர். கூட நாலு சிப்பாய்கள், அப்புறம் ஹெலிகாப்டர் ஓட்டிய ரெண்டு பேர், ஆக ஏழு பேரை ஏப்ரல் 13 அன்று சமாரா பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். காவல் இருந்தவர்களை அவர்களுடைய அதிகாரிகளே விட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். கொடி, பச்சை வீடியோ என்று பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாத மீட்பு. ஏழு பேர் உயிரோடு வந்தார்கள், எங்கள் கடையில் அதைப் பற்றி ஒருத்தரும் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை. பிற்பாடு ஊனத்துக்கான உதவித்தொகை லிஞ்சுக்கு 80 சதவீதம் என்றும் ஜான்சனுக்கு 30 சதவீதம் என்றும் போட்டதாக அங்கே சண்டையே வந்தது. லிஞ்ச் இருந்த வண்டியை ஓட்டியவர் லோரி பியெஸ்டெவா, ஹோப்பி பழங்குடிப் பெண், ரெண்டு குழந்தைக்குத் தாய். அவர் பிழைக்கவில்லை. அவர் என் இனம், டிரைவர். அவர் பெயரும் இல்லை.

நம் நாட்டிலும் இதே கதைதான், திசை மட்டும் வேற. 2014 ஜூனில் ஈராக்கில் மோசூல் பக்கம் கட்டட வேலைக்குப் போன 40 இந்தியர்களை ஐஎஸ் கூட்டம் பிடித்தது. ஒரே ஒருத்தர் தப்பி வந்தார், பஞ்சாப் இளைஞர். எல்லாரையும் மண்டிபோட வைத்துச் சுட்டுவிட்டார்கள், நான் பிணத்துக்கு நடுவில் கிடந்து பிழைத்தேன் என்று அவர் சொன்னார். நம் அரசு நம்பவில்லை. 39 பேரும் உயிரோடு இருப்பதாகத் தகவல் என்று கிட்டத்தட்ட நாலு வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், தகவல் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால் மறுபடியும் அதே வட்டாரங்கள். 2018 மார்ச் 20 அன்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் நாடாளுமன்றத்தில் எழுந்து 39 பேரும் இறந்துவிட்டார்கள் என்று சொன்னார், எலும்பில் மரபணு பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். நாலு வருஷமாகத் தாலியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். இடத்தில் இருந்தவன் ஒருத்தன் வந்து சொன்னான், அவன் பேச்சைத்தான் கடைசியில் கேட்டார்கள்.

ஆகையால் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இனிமேல் இப்படி ஒரு மீட்பு, சிறைபிடிப்பு என்று செய்தி வந்தால், சொன்னது யார், அவர் அந்த இடத்தில் இருந்தாரா, என்று பக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள். பெயர் சொல்ல மாட்டேன் என்கிற அதிகாரி என்றால் அவர் ஆஸ்பத்திரியில் நின்றாரா, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஆபீஸில் உட்கார்ந்திருந்தாரா என்றாவது போடுங்கள். இணையத்தில் கிடைத்ததை எடுத்து ஞாயிறு இணைப்பில் ஒட்டுகிற தம்பிமார்களிடம், அந்த ஆள் பின்னால் என்ன சொன்னார் என்று இன்னும் பத்து நிமிஷம் தேடச் சொல்லுங்கள். என் அக்கா மகனுக்கு அவ்வளவுதான் ஆனது.

திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். போட்டால் அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அந்தப் பெண்ணின் படத்தோடு போடுங்கள், ஜான்சன், பியெஸ்டெவா படமும் சேர்த்து. வெட்டி எடுத்துக் கடைச் சுவரில் நானே ஒட்டுகிறேன். செவ்வாய்க்கிழமை எட்டாம் பக்கத்தில் நாலு வரி ‘வருந்துகிறோம்’ போட்டீர்கள் என்றால் எங்கள் கடையில் அதில் வடை மடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ராணுவ லாரி டிரைவர்,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.